துணை மேலாளர்

பயிற்சி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

அவன் காலணியைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தபோது மணி ஏழு பத்து. பேருந்து பாலத்து நடுவில் மக்கர் செய்து நின்றுவிட்டது. இறங்கி நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மாலை ஏழு மணியோடு ஆட்டத்தின் அன்றைய கெடு முடிந்துவிடும். அதற்குள் எந்த ஆட்டக்காரருக்கு எந்தப் பயிற்சி என்று சொல்லாவிட்டால், அணி அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடும். எட்டு மாதமாக அவன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இன்று தவறிவிட்டது என்றுதான், தூங்கி வழிந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு மாடி ஏறும்போது நினைத்தான்.

திரையில் வழக்கமான பச்சைக் கட்டம் இருந்தது. வாலு. ஓட்டப் பயிற்சி. பத்தொன்பதிலிருந்து இருபது. அடியில் சின்ன எழுத்தில், பதிவு செய்தவர்: துணை மேலாளர்.

துணை மேலாளர் அவன் மனைவி. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

இணையத்தில் ஆடும் பேஸ்பால் ஆட்டம் அது. மட்டையைப் பிடித்து அடிக்கும் வேலையெல்லாம் இல்லை. ஓர் அணியை வைத்துக்கொண்டு, ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அவர்கள் அணிக்கு அவள் வைத்த பெயர் 'தூங்குமூஞ்சிகள்'. வாடகை வாங்க வரும் வீட்டுச் சொந்தக்காரர் 'சிடுமூஞ்சி' என்ற பெயரில் பந்து எறிவார். அவள் தம்பி 'சாப்பாட்டு ராமன்' என்ற பெயரில் தூரத்தில் நின்று, வரும் பந்தையெல்லாம் கோட்டை விடுவான். மகள் வயிற்றில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த பொடிசுக்கு 'வாலு' என்று பெயர் வைத்தாள். பிறந்தவளையும் பிறகு அப்படியே கூப்பிட்டார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் உயரமும் எடையும் எழுதும் கட்டம் உண்டு. மகளை மருத்துவரிடம் கொண்டுபோய் வந்த நாளெல்லாம் வாலுவின் கட்டத்தையும் மாற்றி எழுதுவது இருவருக்கும் ஒரு சிரிப்பு.

யார் ஆடுவது என்பது அவன் பொறுப்பு. பயிற்சி முழுக்க அவள் பொறுப்பு. பதினோரு நாள் காய்ச்சலில், மருத்துவமனைக் கட்டிலில், பத்தாம் நாள் வரை கைப்பேசியில் பயிற்சி போட்டாள். ஒரு நாள் விட்டால் ஒரு மாதம் போச்சு என்பது அவள் வேதம்.

துணை மேலாளர் ஒரு மாதம் உள்ளே வராவிட்டால் ஆட்டமே அவரைத் தூக்கிவிடும். அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் தினமும் மாலை அவள் கைப்பேசியை அலமாரியிலிருந்து எடுத்து, அவளாக உள்ளே போய், அவள் போடுவது போலவே பயிற்சி போடுவான். பிறகு தன் மடிக்கணினியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பான். பைத்தியக்காரத்தனம்தான். யாரிடமும் சொன்னதில்லை. அவள் வேலையை அவள் இல்லாதபோது அவன் கை செய்தது, அவ்வளவுதான்.

அன்று அலமாரியைத் திறந்து பார்த்தான். கைப்பேசி அணைந்து, சில்லென்று, வைத்த இடத்தில் இருந்தது.

சாப்பாட்டு ராமனை அழைத்தான். அவள் கடவுச்சொல் அவனுக்குத் தெரியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். மச்சான் வாயில் எதையோ மென்றுகொண்டே, அக்காவின் பிறந்தநாளே தனக்கு மறந்துபோகும், கடவுச்சொல்லுக்கு எங்கே போவது என்றான். "அந்த ஆட்டத்துல யாரு எந்தப் பக்கம் ஓடறாங்கன்னே எனக்குப் புரியாது மாமா. அக்கா என்னை அதுல சேத்து அசிங்கப்படுத்தினது மட்டும்தான் தெரியும்." பிறகு குரல் இறங்கிற்று. "நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்தான்.

மறுநாள் முன்கூட்டியே வந்தான். தரைத்தளத்தில் துணி தைக்கும் அக்காதான் பகலில் மகளைப் பார்த்துக்கொள்கிறவர். தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவனைக் கதவருகே கூப்பிட்டார்.

"தம்பி, உங்க பொண்ணு நடக்கறதே இல்ல. தண்ணி குடிக்கப் போகணும்னாலும் ஓட்டம்தான். சரி, பிள்ளைன்னா ஓடும். ஆனா ஓடறப்ப எங்க பாக்கறான்னு பாத்தீங்களா?"

எங்கே என்று கேட்டான்.

"அதான் தெரியல. காலடியப் பாக்கறதில்ல. முன்னாலயும் பாக்கறதில்ல. யாரோ பெரியவங்க ஓரமா நிக்கிற மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டே ஓடறா. ஆனா எதுலயும் முட்டிக்கிறதில்ல, அது வேற விஷயம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றி, ஆறரைக்கு அவளாக உள்ளே போனான். சாப்பாட்டு ராமனுக்குப் பந்து பிடிக்கும் பயிற்சி என்று போட்டான். கைப்பேசியை மேசைமேல் கண்ணெதிரே வைத்துக்கொண்டான். ஏழு மணிக்குக் கட்டம் பச்சையானது.

வாலு. சைகைப் பயிற்சி. பதினைந்திலிருந்து பதினாறு.

கீழே உயரம், எடை. நூற்று ஒன்று சென்டிமீட்டர். பதினைந்து கிலோ இருநூறு. எட்டு மாதமாக அவன் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. மகளைச் சுவரோடு நிற்கவைத்து, தலைமேல் அளவுகோலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டான். அளந்தான். மறுபடி அளந்தான். நூற்று ஒன்று.

சைகை என்றால் என்னவென்று அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மைதானத்தில் நான்கு மூலைகள். ஓடுகிறவர் மூன்றாவது மூலையை நெருங்கும்போது, பந்து முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். திரும்பிப் பார்த்தால் கால் தயங்கும்; தயங்கினால் ஆட்டமிழப்பு. அதனால் மூன்றாவது மூலைக்கு வெளியே கோச் ஒருவர் நிற்பார். அவர் இரண்டு உள்ளங்கையையும் காட்டினால் நில். கையைத் தோளிலிருந்து வட்டமாகச் சுற்றினால் வா, நிற்காமல் வா. "ஓடறவ எதையும் பாக்கக் கூடாது, கோச்சோட கையைத் தவிர," என்பாள். "கண்ணு அவளுக்கு. முடிவு கோச்சுக்கு." ஆட்டக்காரரின் சைகை எண் இருபதைத் தொட்டால் கோச் சொன்னதைத் தட்டவே மாட்டார். அதற்கு மேல் எண் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போதுதான் முதல்முறை முழுதாகப் பார்த்தான்.

அந்த வீட்டில் படுக்கையறையிலிருந்து பால்கனி வரை நேராக ஒரு நடை உண்டு. குறுகலான நடை, ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் கூடம், கடைசியில் கண்ணாடிக் கதவு. மகள் படுக்கையறை வாசலில் இடது காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, கைகளைத் தளரவிட்டு நின்றாள். யாரும் அவளுக்கு அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்ததில்லை. பிறகு ஓடினாள். வெறுங்கால்கள் தரையில் படும் சத்தம் குழந்தையின் ஓட்டம் போல் தத்தக்கா பித்தக்கா என்று இல்லாமல், கடிகாரம் அடிப்பது போல் ஒரே சீராக, ஒரே கனத்தில், பன்னிரண்டு தப்படி வந்தது. கண்ணாடிக் கதவுக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று நின்றது. அவள் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் பனிபடர்ந்து மறைந்தது. கண்கள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கதவுக்கு இடப்பக்கம், சுவரோரம், ஒரு பெரியவரின் தோள் உயரத்தில் வெற்றிடத்தைப் பார்த்தன. பிறகு தலையாட்டினாள். திரும்பி நடந்து போய்ப் படுக்கையறை வாசலில் மறுபடி நின்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஒரு தப்படி அகலமே உள்ள பால்கனியில் கைப்பிடிக் கம்பி இல்லை. துரு ஏறிவிட்டது என்று இரண்டு வாரத்துக்கு முன்பு வெல்டர் வந்து அறுத்துக்கொண்டு போனார். இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும் கட்டிவிட்டிருந்தார். புதுக் கம்பி எப்போது என்றால் நாளைக்கு என்பார். வெல்டரின் நாளை எந்த நாட்காட்டியிலும் கிடையாது.

கீழே நான்கு மாடி. சிமெண்டுத் தரை.

மூன்றாம் நாள் பதினேழு.

அன்று வேலை செய்யும் இடத்தில் ஒன்று நடந்தது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடம் அது; நாள் முழுக்கச் சுண்ணப் பொடி நெடியும் உருகிய மெழுகு நெடியும். மெழுகில் பல் செதுக்குவது அவன் வேலை. ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கத் தொடங்கியது நினைவிருந்தது. பக்கத்து மேசைக்காரர் கனைத்தபோது குனிந்து பார்த்தான், பல் முடிந்திருந்தது. மேடும் பள்ளமுமாக, அவன் இதுவரை செய்ததிலேயே நேர்த்தியான பல். நடுவில் இருந்த நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர், "தலை எங்கயோ இருக்கு, கை மட்டும் சம்பளத்துக்கு வந்திருக்கு போல," என்று சிரித்தார். அவனும் உதட்டை இழுத்தான். வலது கை முழங்கை வரை மரத்துக் கிடந்தது. ராத்திரி அதன்மேல் படுத்திருப்பான்.

மாலை மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். ஓடும்போது யாரைப் பார்க்கிறாய்?

"கோச்."

கோச் எப்படி இருப்பார் என்று கேட்டான். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, தெரிந்த பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"நில்லுன்னு காட்டினா நிக்கணும்பா. நான் கரெக்டா நிக்கறேன்."

"சரி."

"இன்னும் வான்னு காட்டல."

அன்றே கடைக்குப் போய்ப் பலகையும் ஆணியும் வாங்கி வந்தான். கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள் பேருக்குத்தான். பிடித்து இழுத்தால் வந்துவிடும். குறுக்கே இரண்டு பலகை வைத்து எட்டு ஆணி அடித்தான். மேல்மாடியில் யாரோ தரையைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். வெல்டரை அழைத்தான். நாளைக்கு என்றார்.

நான்காம் நாள் பதினெட்டு. மகள் ஓடி வந்து பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். தலையாட்டினாள். இடப்பக்கச் சுவரோரம், அவள் பார்த்த இடத்தில், அவன் போய் நின்று பார்த்தான். அங்கே மட்டும் காற்று கொஞ்சம் வேறாக இருந்தது. மருத்துவமனை வார்டில் காலையில் தரை துடைத்த பிறகு வரும் நெடி. கற்பனைதான். அவன் விலகிக்கொண்டான்.

அணி அமைப்புப் பக்கத்துக்குப் போனான். துணை மேலாளரை நீக்கவா என்று ஆட்டம் கேட்டது. ஆம். நிச்சயமாகவா என்றது. ஆம் என்று அழுத்தப் பத்து நிமிடம் பிடித்தது. அவள் பெயர் போனது. பச்சைப் புள்ளி போனது. மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டபோது வராத அழுகை இப்போது வந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மகளுக்குக் கேட்காமல் அழுது முடித்தான்.

ஐந்தாம் நாள் பத்தொன்பது.

பதிவு செய்தவர்: மேலாளர்.

மேலாளர் அவன்தான். யாரோ தன் கடவுச்சொல்லையும் திருடிவிட்டார்கள் என்று அப்போதும் நினைத்தான். மனிதன் கடைசிவரை திருடனைத்தான் நம்புவான். கடவுச்சொல்லை மாற்றினான். மச்சானை அழைத்து, மகளைச் சில நாள் அழைத்துப்போய் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். மச்சான் ஏன் என்று கேட்கவில்லை. பால்கனிக் கம்பி விஷயம் அவனுக்குத் தெரியும். அதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டான். நாளைக்கு வேலை முடிந்து நேராக வண்டியில் வருகிறேன், ஆறே முக்கால், மிஞ்சினால் ஏழு என்றான்.

ஆறாம் நாள் விடுப்பு எடுத்தான். மகளைக் கீழே அனுப்பவில்லை. தன் கண்ணைத் தவிர வேறு எதையும் நம்பத் தோன்றவில்லை. அவள் படிக்கட்டில் ஓடிவிடக் கூடாதென்று முன்கதவை உள்ளே பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். மடிக்கணினியை மூடிக் கூடத்து மேசையில் வைத்தான். பகல் முழுக்க அவள் ஓடவில்லை. படம் வரைந்தாள், தூங்கினாள், வாழைப்பழம் சாப்பிட்டாள். மாலை அவள் துணிகளை ஒரு பையில் அடுக்கினான். ஆறரை ஆகியிருந்தது. வெளிச்சம் மங்கி, வீட்டுக்குள் சாமான்களின் ஓரங்கள் கரைய ஆரம்பித்த நேரம். மச்சான் வருவதற்குள் பாத்திரத்தைக் கழுவிவிடலாம் என்று சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்தான். நுரையில் கையை விட்டான். வெதுவெதுப்பான தண்ணீர், எலுமிச்சை சோப்பு வாசம், தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய கிறீச்சு.

பிறகு குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி அவன் கால்மேல் வழிந்தது. கடிகாரத்தில் ஆறு ஐம்பத்து மூன்று.

இருபது நிமிடத்தைக் காணவில்லை.

கூடத்துக்கு வந்தான். மடிக்கணினி திறந்திருந்தது. வாலு. சைகைப் பயிற்சி. பத்தொன்பதிலிருந்து இருபது. பதிவு செய்தவர்: மேலாளர். நேரம் ஆறு நாற்பது. சாதனம்: இந்தக் கணினி.

விசைப்பலகையின்மேல் சோப்பு நுரை இருந்தது. சின்னக் குமிழ்கள் இன்னும் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். உள்ளங்கையில் புதிதாக இரண்டு கொப்புளம். விரலிடுக்கில் மரத்தூள்.

நடையின் கடைசிக்கு ஓடினான். பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. எட்டு ஆணியும் தரையில் வரிசையாக, ஒரே இடைவெளியில், ஒரு பக்கமாகத் தலைவைத்துக் கிடந்தன. தாழ்ப்பாள் இல்லை. கண்ணாடிக் கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. மஞ்சள் கயிறு காற்றில் மெல்ல ஆடிற்று. கதவை இழுத்தான், அசையவில்லை. கதவு நகரும் கீழ்த்தடத்தில் எதையோ அடித்து இறுக்கியிருந்தது. அடித்தது யார் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். முன்கதவுக்கு வந்தான்.

ஆணியில் சாவி இல்லை.

பையில் இல்லை. மேசையில் இல்லை. எங்கே வைத்தது என்று கைக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

மகள் படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவளை அள்ளிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினான். நீட்டியவன் நின்றான். தூக்குவது எந்தக் கை? தூக்கிக்கொண்டு எங்கே போகும்? கைகளை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வாலு, மாமா வருவாரு. அதுவரைக்கும் இங்கயே இருக்கணும். சரியா?"

"சரிப்பா."

வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். சத்தம் கேட்டது. இனி இந்தக் கை அந்தத் தாழ்ப்பாளுக்கு எட்டக் கூடாது. துவாலையை எடுத்துக்கொண்டு நடையின் மறுகோடிக்குப் போனான். திறந்த வாசலை உடம்பால் மறித்து நின்றான். வலது மணிக்கட்டைக் கண்ணாடிக் கதவின் கைப்பிடியோடு சேர்த்து, பல்லாலும் இடது கையாலும் இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டான். விரல் நீலமாகும்வரை இறுக்கினான். வலது கை எதிர்க்கவில்லை. பொறுமையாக இருந்தது.

முதுகில் காற்று. கீழே எங்கேயோ வண்டி நிற்கும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். மச்சான்தான். நான்கு மாடி. இரண்டு நிமிடம்.

ஏழு அடித்தது.

மடிக்கணினியில் ஆட்டம் தொடங்கியது. அவன் எப்போதும் ஒலியை நிறுத்தியே வைத்திருப்பான். இப்போது இருண்ட கூடத்திலிருந்து ஆயிரம் பேர் மூச்சு விடுவது போல ஓர் இரைச்சல் எழுந்து, நடையில் நிரம்பி, அவன் மார்பில் மோதியது.

படுக்கையறைக் கதவு திறந்தது. தள்ளியதும் திறந்தது. அவன் போட்டதாக நினைத்த தாழ்ப்பாள் போடப்படவில்லை. சத்தம் மட்டும் போடப்பட்டிருந்தது.

மகள் வாசலில் நின்றாள். இடது கால் முன்னால். முழங்கால் மடக்கி.

"வாலு. அங்கயே நில்லு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்னது காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

அவள் பார்வை கைக்கு வந்தது. அங்கே நின்றது. அவள் நின்றாள்.

நின்றுவிட்டாள்.

அவன் மூச்சு விட்டான். கை நடுங்கவில்லை. இரைச்சல் தாழ்ந்தது. ஒரு மணி நேரமானாலும் இப்படியே நிற்பான். விடிய விடிய நிற்பான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மூன்றாம் மாடி. நான்காம் மாடி. அழைப்பு மணி.

"மாமா? கதவைத் திறங்க."

"சாவி இல்ல. உடை."

"என்னது?"

"கதவை உடைடா."

பிறகு கதவில் தோள் மோதியது. ஒன்று. கீல் முனகியது. இரண்டு.

மகள் திரும்பவில்லை. அவன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அதைப் பார்த்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டுவிரல் முதலில். அடுத்தவர் கையைப் பார்ப்பது போல அவன் பார்த்தான். வலது கை கட்டுக்குள் அப்படியே, பொறுமையாக. இடது முழங்கை தளர்ந்தது. கை இடுப்புவரை இறங்கியது.

பின்னால் போனது.

மேலே எழுந்தது. தோளிலிருந்து ஒரு முழு வட்டம்.

அவன் கால்கள் ஓரமாக நகர்ந்தன. இரண்டு எட்டு. வழிவிடுகிறவர்கள் நகர்வது போல. இடப்பக்கச் சுவரோரம் முதுகு பட்டது.

மகள் முகம் மலர்ந்தது. எட்டு மாதத்தில் அவன் பார்க்காத சிரிப்பு.

நில்லு என்றான். நில்லு நில்லு என்றான். ஓடுகிறவள் கையைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. கை சுற்றியது.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒரே சீராக. ஒரே கனத்தில். அவள் தலைமுடி அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு போனது. பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்று.

கயிறு ஒரு முறை அதிர்ந்தது.

முன்கதவு பெயர்ந்து விழுந்தது. நடையின் மறுகோடியில், படிக்கட்டு விளக்கை முதுகில் வாங்கிக்கொண்டு மச்சான் நின்றான். என்ன கேட்க வந்தானோ, வாய் திறந்தபடி இருந்தது. கேட்கவில்லை. பார்வை மெல்ல உயர்ந்து அவன் இடது கைமேல் வந்து நின்றது.

கை சுற்றிக்கொண்டே இருந்தது.

மச்சான் இடது காலை முன்னால் வைத்தான்.